ஆறு நாற்பது, பருத்தித்துறை

டோட்முண்டிலிருந்து கேதீஸ் அனுப்பிய மணிக்கூட்டுக்குப்
பற்றறி மாற்றத் தேவையில்லை.
முகப்புக்குக் கீழே கறுத்தத் தகடு ஒன்று,
வெளிச்சத்தைக் குடித்துக் குடித்தே ஓடும்.
இரவு இரண்டு மணிக்கு
பிராங்பேர்ட் பக்கத்துக் கோபுரம் சொல்வதைக் கேட்டுத்
தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.
மூன்று இலட்சம் வருசத்தில் ஒரு செக்கன் பிசகலாம்,
அதுக்கு நான் பொறுப்பில்லை எண்டான்.

குடிக்க இங்கே குறைவில்லை.
பஸ் நிலையத்துப் பங்குனி வெயிலில்
என் ரைம் கீப்பர் கூண்டுத் தகரம் படபடவென்று வெடிக்க,
ஒரு முற்பகலிலேயே அதன் வயிறு நிரம்பிவிட்டது.
கேட்கத்தான் ஒன்றுமில்லை.
ஏழு இரவு யன்னலோரம் வைத்துப் பார்த்தேன்.
ஏழு விடியலிலும் செக்கன் முள்
கிடைக்கவில்லை என்ற குறியில் போய் நின்றது.
ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் பேசுகிற ஒருவரை
மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

ஊரை மாற்றப் பார்த்தேன்.
கராச்சி இருந்தது, டாக்கா இருந்தது,
காத்மண்டு தன் முக்கால் மணியோடு இருந்தது.
கொழும்பே இல்லாத பட்டியலில்
யாழ்ப்பாணத்தைத் தேடுவானேன்?
டெல்லி எண்டு வைத்தேன்.
வைத்த இரவிலிருந்து
அது கேட்பதையே விட்டுவிட்டது.

பற்றறி தடைப்பட்ட சாமானாய் இருந்த காலத்தில்
சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோ சுற்றிச்
செய்தி கேட்டவர்கள் நாங்கள்.
கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.
பிறகொரு காலம், முகமாலையில்
ஒரு பக்கம் பத்து மணி, மற்றப் பக்கம் ஒன்பதரை.
இடையில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த துண்டு நிலத்தில்
என்ன நேரமெண்டு ஒருவரும் கேட்கவில்லை.

கஸ்தூரியார் வீதியில் போன் திருத்துகிற றெஜினா
எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.
"கோபுரம் வராட்டி நாங்கள் ஒண்டு கட்டுவம் அக்கா."
இயர்போன் வயரை மணிக்கூட்டில் ஒன்பது சுற்று.
ஊரை டோக்கியோ ஆக்கினாள்.
போனுக்குள் ஒரு செயலி
யப்பான் கோபுரம் மாதிரியே முனகத் தொடங்கியது.
எங்களுக்குக் கேட்டது ஒரு கீச்சு மட்டும்;
வாசலில் படுத்திருந்த நாய் எழும்பிப் போனது.
நாலு நிமிசம்.
மூன்று முள்ளும் உதறிக்கொண்டு ஓடி
ஓரிடத்தில் நின்றன.
ஏமாத்தி வாங்கின நேரம் சரியாய் இருக்குமோ எண்டேன்.
"அதெல்லாம் இருக்கும்" எண்டு டெல்லிக்குத் திருப்பித் தந்தாள்.
இருநூறு ரூபா.

அடுத்த நாள், 750 இலக்கத்துக்கு வழமையான சண்டை.
தனியார் வண்டி வசந்தகுமார்
"ஆறு நாற்பத்தொண்டு" எண்டு போனை நீட்டுகிறான்.
சிவப்பு பஸ் எமில்தாஸ்
"இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு" எண்டு
ஸ்ரியறிங்கில் முழங்கையை ஊன்றியிருக்கிறார்.
நான் மணிக்கட்டைப் பார்த்தேன்.
ஆறு நாற்பது.
இருபது வருசத்தில் முதல்தரம் எனக்குச் சந்தேகமில்லை.
விசிலை வாயில் வைத்தேன்.

அப்ப பார்த்து, மின்சார நிலைய வீதிப் பக்கமிருந்து
மந்திகை ஆஸ்பத்திரிக் கிளினிக் அட்டையை உயர்த்திப் பிடித்தபடி
ஒரு மனுசி ஓடி வாறா,
ஒரு செருப்பு கையில்.

முள் ஒண்டு, இரண்டு, மூன்று.
முந்தியும் எத்தனையோ பேருக்கு நிப்பாட்டியிருக்கிறேன்,
கை அளவாய், உப்புப் போடுகிற மாதிரி.
இண்டைக்கு அளந்து கொடுக்கவேண்டிக் கிடந்தது.
ஒன்பது. பத்து.
அவ படியில் கால் வைத்த பிறகு ஊதினேன்.
பதிவுப் புத்தகத்தில் 6.40 எண்டு எழுதினேன்.
செக்கனுக்கு அதில் பெட்டி இல்லை.

இரவு கேதீஸ் எடுத்தான்.
அங்கே மூன்று கிழமையாய் ஒரே மப்பாம்.
அவனுடைய மணிக்கூடு குளிர்ச்சட்டைக் கைக்குள் கிடந்து
பசியில் இரண்டிரண்டு செக்கனாய்த் தாண்டுதாம்.
"சிக்னல் எண்டால் நல்லாக் கிடைக்குது" எண்டான்.
"உன்ர என்ன மாதிரி? ஏதும் பிந்துதோ?"
"இண்டைக்குப் பதினொரு செக்கன்."
"அப்பிடிப் பிந்தேலாதே!
நான் கொம்பனிக்கு எழுதிறன்."